பயணிகளுக்கு முப்பது பாடம்

ரஸ்க்கம்மாவின் புருஷன் பதினான்கு வருஷம் கழித்து வீடு திரும்பியபோது அவர் வாயில் தமிழ் இல்லை.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். கூட வந்திருந்த புருஷனின் அண்ணன், "தம்பி, டேய், என்னடா ஆச்சு உனக்கு?" என்று குனிந்து தோளைப் பிடித்தார். தம்பி அண்ணாந்து பார்த்து, மெதுவாக, தெளிவாக ஏதோ சொன்னார். குழறல் இல்லை. செய்தி வாசிக்கிறவர் மாதிரி முழு வாக்கியம். ஆனால் நின்றிருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

மகள் அழுதாள். ரஸ்க்கம்மா அழுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அவருடைய காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் அதை அவிழ்க்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள். வேறு யோசனை வரவில்லை.

அவர் வேலைக்குப் போன நாட்டில் கடற்கரையோரம் பயணிகள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் அவர் சமையல்காரர். அடுப்பின் முன்னால் நின்றபடியே சரிந்தாராம். அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். வலக்கையும் வலக்காலும் போயின. காலில் பாதி திரும்பிவிட்டது, கை வரவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மூளைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தலைக்குள்ள ரெண்டு அலமாரி இருக்குன்னு வச்சுக்குங்கம்மா. ஒண்ணுல தமிழ். இன்னொண்ணுல அந்த ஊர்ப் பேச்சு. தமிழ் அலமாரி பூட்டிக்கிச்சு. அபூர்வம்தான், ஆனா இல்லாத விஷயமில்ல."

"நாம பேசறது அவருக்குப் புரியுதா டாக்டர்?"

"கூப்பிட்டாத் திரும்பறாரு. குரல் தெரியுது. சொல்லு பிடிபடல. மழை பெய்யறது நமக்குக் கேக்குது இல்லையா, அந்த மாதிரி."

"தொறக்குமா?"

"தொறக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தரேன்."

வீட்டில் இருந்தவை இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. முதல் வாரம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து யோசனை சொன்னார்கள். மாடிவீட்டுக்காரி, "மிதியடிய மொதல்ல எடுத்துடு, கால் தட்டும்" என்றாள். ரஸ்க்கம்மா வேலை பார்க்கும் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர் குளியலறைச் சுவரில் கம்பி அடிக்கச் சொல்லி, தானே வந்து அடித்தும் கொடுத்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் போடு என்றார் ஒருவர். ஜன்னல் பக்கம் போடாதே, காற்று ஆகாது என்றார் இன்னொருவர். ரஸ்க்கம்மா முதல் நாள் ஜன்னல் பக்கம் போட்டாள், மறுநாள் சுவர்ப் பக்கம் போட்டாள். யார் என்ன சொன்னாலும் செய்தாள். செய்வது சுலபமாக இருந்தது.

அண்ணன் மட்டும், "ஏம்மா, எனக்கென்னவோ இவன் நடிக்கிறான்னுதான் தோணுது" என்றார். "தாய்ப்பாஷை எப்படிம்மா மறக்கும்? மாச மாசம் பணம் அனுப்பிக்கிட்டிருந்தவன், இப்ப வெறுங்கையோட வந்திருக்கான். கேள்வி கேப்பாங்கன்னு பாஷையத் தொலைச்சுட்டான்."

"அப்படி இல்ல மாமா. படத்துல காட்டினாரு டாக்டர்."

"படமா? நாலு அறை விட்டா தானா வரும் தமிழ்."

யாரும் அறையவில்லை. அண்ணன் டீ குடித்துவிட்டுப் போனார்.

பேக்கரியில் பதினோரு வருஷமாக ரஸ்க் மேஜைதான் அவளுக்கு. முந்தின நாள் சுட்ட ரொட்டி ஒரு நாள் கிடந்து இறுகினால்தான் உதிராமல் வெட்ட வரும். அதைச் சீராகத் துண்டு போட்டு, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மிதமான சூட்டில் மறுபடி உள்ளே தள்ள வேண்டும். பாதியில் இழுத்துத் திருப்பிப் போட வேண்டும். ஈரம் முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை நின்றபடியே வேலை. எல்லாரும் அவளை ரஸ்க்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வந்த மூன்றாம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். துண்டு கோணாமல் விழுந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது வாரத்தில்தான் அவள் அந்தச் சொல்லைக் கவனித்தாள். தண்ணீர் கொடுத்தால் அவர் ஒன்று சொன்னார். சோறு பிசைந்து தட்டை வைத்தால் அதையே சொன்னார். சட்டை பொத்தானைப் போட்டுவிட்டால், காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தால், விளக்கைப் போட்டால், அணைத்தால், அதே சொல். முகத்தை நேராகப் பார்த்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார். ஒரே நாளில் இருபத்தாறு தடவை எண்ணினாள்.

பேக்கரி வாசல் பெஞ்சில் தினமும் பத்து மணிக்கு ஒருவர் டீயும் பன்னும் சாப்பிட வருவார். வெளிநாட்டிலிருந்து வருகிற பயணிகளை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறவர். வயது அறுபது. ஐந்து பாஷை தெரியும் என்பார். கைடு என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். ரஸ்க்கம்மா தட்டை உள்ளே தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"கைடண்ணே, ஒரு சொல்லு சொல்றேன். என்ன அர்த்தம்னு சொல்றீங்களா?"

சொன்னாள். கைடு பன்னை டீயிலிருந்து எடுத்தார்.

"இன்னொருதடவை சொல்லு. நாக்கை மேல தூக்காத."

மறுபடி சொன்னாள்.

"நன்றின்னு அர்த்தம்மா. ரொம்ப நன்றின்னு. யாரு சொன்னது?"

"வீட்டுக்காரரு."

"யார்கிட்ட?"

 பன் நனைந்து டீயில் விழுந்தது. கைடு அதை ஸ்பூனால் எடுக்கப் பார்த்தார். ரஸ்க்கம்மா உள்ளே போய், திருப்பிப் போட வேண்டிய தட்டைத் திருப்பிப் போட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் அவர் கூட இருந்தது எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அவளுக்கு நினைவு தெரிந்து அவர் அப்படி ஒரு சொல்லை எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. சொல்லத் தோன்றாது, அவ்வளவுதான். தட்டை வைத்தால் தின்பார், எடுத்தால் கை கழுவுவார்.

மறுநாள் கைடு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அட்டை கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது. பயணிகளுக்கான பேச்சுமொழி, முப்பது பாடங்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அந்தப் பாஷை, தமிழ் எழுத்திலேயே.

"பழசுதான். ஆனா உருப்படியானது. ஒரே யோசனைதான் சொல்வேன் கேட்டுக்க. இலக்கணத்தப் பாக்காத. ஒரு நாளைக்கு மூணு வாக்கியம். சத்தமா. கை வேலையா இருக்கறப்ப வாய் சும்மாதானே இருக்கு?"

"தப்பாச் சொன்னா சிரிப்பாங்களே அண்ணே."

"அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. இங்கதான் சிரிப்பாங்க."

பேக்கரியில் சிரிக்கத்தான் சிரித்தார்கள். ரஸ்க்கம்மா வெட்டுகிற கத்தியின் தாளத்துக்கு, "இந்தப் பேருந்து கடற்கரைக்குப் போகுமா" என்றாள். "ஜன்னலோரம் ஓர் இருக்கை வேண்டும்" என்றாள், தமிழில் ஒருதடவை, அந்தப் பாஷையில் ஒருதடவை. அடுப்பு பார்ப்பவர், "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டார். "எங்கயுமில்ல" என்றாள்.

முதல் பாடம் வணக்கம், நலமா. நாலாவது பாடம் விடுதியில். ஏழாவது உணவகத்தில். பன்னிரண்டாவது வழி தவறினால். பத்தொன்பதாவது மருத்துவரிடம். முப்பதும் புரட்டிப் பார்த்தாள். வீட்டில் என்று ஒரு பாடம் இல்லை. பயணம் போகிறவனுக்கு அது எதற்கு?

ஒரு வாரம் கழித்து, மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு மதிய நேரம், அவர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்க்காமலே அந்தப் பாஷையில் சொன்னாள்.

"வணக்கம். இன்று இங்கே எது நன்றாக இருக்கும்?"

ஏழாவது பாடத்தின் முதல் வாக்கியம். வீட்டில் பேச அதுதான் ஓரளவு பொருந்துவதாகத் தோன்றியது.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். இடக்கை மேலே எழுந்தது. முதுகு நிமிர்ந்தது. சடசடவென்று பேசினார். அவளுக்கு இரண்டு சொல் பிடிபட்டது. மீன். எலுமிச்சை. மீதிக்காகப் பின்பக்க அகராதியில் விரலை ஓட்டினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்து, அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"மீன் நன்றாக இருக்கிறது. காலையில் வந்தது. எலுமிச்சை போதும். எண்ணெய் வேண்டாம்."

வீட்டில் மீன் இல்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்தாள். சமையற்கட்டில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். அவர் இடக்கையால் செவுளைத் தூக்கி மோந்து பார்த்தார். விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். எங்கே கீற வேண்டும் என்று காற்றில் கோடு போட்டார். கீறினாள். உப்பு போட்டபோது கையைப் பிடித்து நிறுத்தினார். மூடிபோட்டு ஆவியில் வேகவைத்து, கடைசியில் எலுமிச்சையைப் பிழிந்தார்கள். அவர் பிழிய, அவள் பழத்தைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டபோது அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். கூடவே இன்னொரு வாக்கியமும். அதைக் காதில் ஏற்றி, மறுநாள் பத்து மணிவரை வாயிலேயே வைத்திருந்து கைடிடம் ஒப்பித்தாள்.

"‘உங்கள் கை நல்ல கை’ன்னு சொல்லியிருக்காரு. சமையல்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கற பேச்சு." கைடு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மரியாதையாத்தான் சொல்றாரு. அந்தப் பாஷையிலயும் நீ, நீங்கன்னு ரெண்டு உண்டு. இது நீங்க."

"என்னை யாருன்னு தெரிஞ்சு சொல்றாரா அண்ணே?"

"அத நீதான் கேக்கணும். மொதப் பாடத்துல இருக்கே, உங்கள் பெயர் என்ன, நீங்கள் யார்?"

அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு மதியமும் முதல் ஆளாகப் பேச்சைத் தொடங்கினாள். இன்று வானிலை எப்படி? இந்த ஊரில் பார்க்க வேண்டியவை என்ன? அவர் சொல்வார். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து, அங்கே ரொட்டி வாங்குங்கள். மேற்குக் கரையில் குளிக்காதீர்கள், அலை இழுக்கும். மழைக்காலத்தில் வந்தால் அறைகள் காலியாக இருக்கும். அவள் கேட்டுக்கொண்டாள். பதினான்கு வருஷம் அவர் இருந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தெரியவந்தது. ஃபோனில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இங்க என்ன, வேலைதான்" என்பார்.

ஒருநாள் மகள் சீக்கிரம் வந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் வேற்றுப் பாஷையில் பேசிக்கொண்டிருப்பதை வாசலிலேயே நின்று பார்த்தாள். அவளுக்கு இருபது வயது. கண்ணாடிக் கடையில் வேலை. உள்ளே போய் முகம் கழுவினாள்.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சுப் பயிற்சிக்கு மூன்று பேரும் போனார்கள். பயிற்சி கொடுப்பவள் சின்னப் பெண். மேஜையில் படச் சீட்டுகளைப் பரப்பினாள். குடை. சீப்பு. கோப்பை. வீடு.

"இது என்ன சொல்லுங்க. கோ... கோப்..."

அவர் அந்த ஊர்ப் பாஷையில் சொன்னார். ரஸ்க்கம்மா தன்னையறியாமல் தலையாட்டிவிட்டாள். பயிற்சிக்காரி அதைப் பார்த்தாள்.

"அம்மா, வீட்ல அவர்கிட்ட எந்தப் பாஷையில பேசறீங்க?"

"அவரு பாஷையில," என்றாள் மகள்.

"நல்ல எண்ணத்துலதான் செய்யறீங்க, புரியுது. ஆனா வேணாம்மா. அதுலயே எல்லாம் நடந்துட்டா மூளை தமிழைத் தேடாது. இனி வீட்ல தமிழ் மட்டும்தான். அவரு அதுல கேட்டாலும் நீங்க பதில் சொல்லக் கூடாது. தண்ணி வேணும்னா தண்ணின்னு சொல்லட்டும்."

"தாகமா இருந்தா?"

"தண்ணி குடுங்க. பதில் குடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்த பிறகு, சமையற்கட்டில் மகள் கையை நீட்டினாள்.

"புஸ்தகத்தக் குடு."

"எதுக்கு?"

"டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? குடும்மா."

"அவர் பேசறதக் கேக்க இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"எனக்கு அப்பா வேணும். எங்கயோ ஒரு ஊர்ச் சமையல்காரர் வேணாம்." மகள் குரல் உயரவில்லை. "எனக்கு ஆறு வயசுல போனாரு. மொகம் மறந்துபோச்சும்மா. வாரம் ஒருதடவை ஃபோன்ல, ‘கண்ணு, சாப்டியா’ன்னு கேப்பாரு. எனக்கு இருந்த அப்பா அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தைதான். அதுவும் இல்லாம ஒருத்தர் வந்து கட்டில்ல உக்காந்திருக்காரு. அவரோட நீ சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்க."

"நான் சிரிக்கலியே."

"சிரிச்ச. பாத்தேன்."

ரஸ்க்கம்மாவுக்கு அது தெரியவில்லை. 

"உன்கிட்ட சாப்டியான்னு கேட்டுட்டு ஃபோனை என்கிட்ட குடுக்கச் சொல்வாரு. என்கிட்ட என்ன சொல்வாருன்னு தெரியுமா உனக்கு?"

"என்ன?"

"சரி, வச்சிடறேன்."

மகள் கையை இறக்கவில்லை. ரஸ்க்கம்மா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். இருபத்திரண்டாவது பாடத்தில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது.

அதன்பிறகு ஐந்து வாரம். மதியம் அவள் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வணக்கம், இன்று வானிலை எப்படி என்று அவரே தொடங்குவார். அவள் தமிழில், "தண்ணி. இது தண்ணி. சொல்லுங்க, தண்ணி" என்பாள். அவர் அவள் வாயைப் பார்ப்பார். வேறு ஆள் வந்துவிட்டாளோ என்பதுபோல் கதவைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் கேட்பதை விட்டார். தண்ணீர் வாங்கும்போது நன்றி மட்டும் சொன்னார். சமையற்கட்டு நாற்காலியில் உட்கார மறுத்தார். அவள் வெட்டினாள், அடுக்கினாள், திருப்பினாள். பத்து மணிக்குப் பெஞ்சுப் பக்கம் போகவில்லை. கைடும் சீசன் தொடங்கி வேனோடு போய்விட்டிருந்தார்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிறு, கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு அவர், "உப்பு" என்றார்.

மகள் ஸ்பூனைக் கீழே போட்டாள். "என்னப்பா? என்ன சொன்னீங்க?"

"உப்பு. இல்ல."

அலமாரி திறந்தது. அடுத்த நாள் "போதும்" வந்தது. "கதவு" வந்தது, "வேணாம்" வந்தது. "ஃபேன்" வந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "சொன்னேன் இல்ல? நான் மொத நாளே சொன்னேன்" என்று எல்லோருக்கும் சொன்னார். மாடிவீட்டுக்காரி, வெள்ளரிக்காய் கொடு, நரம்புக்கு நல்லது என்றாள். கொடுத்தாள். பிறகு ஒரு மாலை, மகள் கடையிலிருந்து வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"கண்ணு."

மகள் அப்படியே நின்றாள்.

"சாப்... சாப்டியா?"

அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவருடைய அசையாத கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். ரஸ்க்கம்மா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். நல்லதுதான் நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பில் பால் இருந்தது. போய் அணைத்தாள்.

தமிழ் வர வர மற்றது போயிற்று. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். முன்பு ஒரு நாளில் இருபத்தாறு என்று எண்ணிய அந்தச் சொல் பத்தாகி, நாலாகி, காலையில் எழுந்ததும் தூக்கக் கலக்கத்தில் ஒன்று என்றாகியது. பிறகு அதுவும் இல்லை. எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியானது எது என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பாள்.

சீசன் முடிந்து கைடு பெஞ்சுக்குத் திரும்பினார். வெயிலில் கறுத்திருந்தார்.

"என்னம்மா, முப்பது பாடமும் முடிஞ்சுதா?"

"இருபத்திரண்டோட நின்னுபோச்சு. அவருக்குத் தமிழ் வந்துடுச்சு அண்ணே."

"அடடே, நல்ல சேதி! அப்புறம் எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்க?"

"எப்பவும் இப்படித்தானே இருக்கு." அவள் கையிலிருந்த மாவுத் துணியை மடித்தாள். "ஒண்ணு கேக்கணும் அண்ணே. அங்க ஒருத்தர் நன்றின்னு சொன்னா, பதிலுக்கு என்ன சொல்லணும்?"

"ஏன், அது அவ்வளவு நாளா தெரியாமயா இருந்த?"

"அந்தப் பாடம் வரல. எனக்கும் கேக்கத் தோணல. சும்மா நின்னுக்கிட்டிருப்பேன்."

கைடு சொல்லிக்கொடுத்தார். மூன்று அசை. "ஒண்ணுமில்லன்னு அர்த்தம். பெரிசா எதுவும் செஞ்சிடல, இருக்கட்டும்னு. மரியாதை தெரிஞ்சவங்க உடனே சொல்லிடுவாங்க." ஞாபகம் வந்தவர்போல் பன்னை டீயில் முக்கினார். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு விடுமுறை, உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் டீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி," என்றார், திரும்பாமல். சுத்தமான உச்சரிப்பு.

மொண்டு வந்து கொடுத்தாள். இடக்கையால் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்தார். "சத்தம் வை" என்றார். அவள் டீவியின் சத்தத்தைக் கூட்டினாள். அவர் கால்மேல் கால் தூக்கிப்போட்டுக்கொண்டார். அதைத் தானாகச் செய்ய இப்போது முடிந்தது.

ரஸ்க்கம்மா அவர் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அந்த மூன்று அசையைச் சொன்னாள். நாக்கை மேலே தூக்காமல், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சரியாகச் சொன்னாள்.

அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வேலியருகே போகிறவர் யாரோ என்னவோ சொன்னதுபோல் பார்த்துவிட்டு, டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னம்மா சொன்ன?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, குனிந்து டம்ளரை எடுத்தாள்.